தேங்காய்ப்பூத் துண்டும் ஜமுக்காளமும்: சீலியாக் நோயில் குழந்தையின் குடலுக்குள் நடப்பது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் படித்தாலும் விஷயம் புரியட்டும். கோபி பக்கத்துக் கிராமம், உங்கள் அக்கா மகளுக்கு நாலு வயது. ஒன்றரை வருடமாக எடை ஏறவில்லை, வயிறு மட்டும் உப்பி கை கால் குச்சியாகி, எந்நேரமும் சிணுங்கல், ரத்தச்சோகை டானிக்குக்கு அசையவே இல்லை. தொக்கம் எடுத்துப் பார்த்தாயிற்று, மாந்த மருந்தும் ஊற்றியாயிற்று. கடைசியில் கோயமுத்தூரில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனை எண் அதிகம், சீலியாக் (கோதுமைப் புரதத்தால் குடல் கெடுகிற நோய்) போல இருக்கிறது, அடுத்த வாரம் எண்டாஸ்கோப்பி என்று சொல்லியிருக்கிறார்கள். பயந்துபோன அக்கா பத்து நாளாகக் கோதுமையை நிறுத்திவிட்டார். குடலுக்குள் என்னதான் ஆகிறது, அது பழையபடி வருமா, சோறு தின்கிற வீட்டுக்கு இது எப்படி வந்தது என்று மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் குழந்தை மருத்துவர் இல்லை. எண்டாஸ்கோப்பியில் எடுக்கிற துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற பேத்தாலஜி வேலை, ஈரோட்டிலும் கோவையிலுமாக இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் குடலின் உள்தோலைப் பற்றி மட்டும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அந்தப் பத்து நாள் விஷயத்தை இன்றைக்கே மருத்துவருக்கு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் அந்த எண் இறங்க ஆரம்பிக்கும், குடலும் மெல்ல ஆறத் தொடங்கும், அப்புறம் துணுக்கைப் பார்க்கிற எங்களுக்குச் சந்தேகமே மிஞ்சும். பத்து நாளில் எல்லாம் மறைந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் திரும்பக் கோதுமை கொடுக்க வேண்டுமா, தேதியைத் தள்ள வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் இவ்வளவு கறாராகப் பேசக் காரணம் உண்டு. இது ஆயுசு முழுக்கப் பத்தியம் இருக்க வேண்டிய நோய். நாலு வயதில் போடுகிற முத்திரை, எழுபது வயது வரைக்கும் கூடவே வரும். அது சந்தேகம் இல்லாமல் இருக்க வேண்டும்.

சரி, குடலுக்கு வருவோம்.

நம் சென்னிமலைப் பக்கம் நெய்கிற தேங்காய்ப்பூத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலெல்லாம் சின்னச் சின்ன நூல் வளையம் எழும்பி நிற்கும், அதனால்தான் தலை துவட்டினால் ஒரே இழுப்பில் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. சிறுகுடலின் உள்பக்கம் அச்சு அசலாக அப்படித்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்பீர்கள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரம், லட்சக்கணக்கில் நெருக்கமாக நிற்கும் குட்டி விரல்கள். தின்ற சோறும் பருப்பும் செரித்துக் கரைந்த பிறகு அந்த விரல்கள் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. சீலியாக்கில் இந்த விரல்கள் குட்டையாகி, மழுங்கி, கடைசியில் பவானி ஜமுக்காளம் மாதிரி தட்டையாகிவிடும். துணி அதேதான், நீள அகலமும் அதேதான். ஆனால் ஜமுக்காளத்தை வைத்துத் தலை துவட்டிப் பாருங்கள், தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அந்தக் குழந்தை தின்றது உடம்பில் ஒட்டாமல் போவதும் இப்படித்தான். அக்கா சரியாக ஊட்டவில்லை என்று யாராவது வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள்.

தட்டையாக்குவது யார் என்றால், குழந்தையின் சொந்த எதிர்ப்புச் சக்திதான். கோதுமை, பார்லி, ரை என்கிற தானியம், இந்த மூன்றிலும் குளூட்டன் என்று பொதுவாகச் சொல்லும் புரதம் இருக்கிறது. (ரையை நம் கம்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கம்பு வேறு தானியம், அதில் குளூட்டன் கிடையாது.) சப்பாத்தி மாவு ரப்பர் மாதிரி இழுபடுவது இந்தப் புரதத்தால்தான். நம் செரிமான நீர்களால் இதை முழுசாக வெட்ட முடியாது, நீளமான சில துண்டுகள் வெட்டுப்படாமல் மிஞ்சும். இது எல்லாருக்கும் நடப்பது, பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சில குழந்தைகளுக்கு மட்டும் அந்தத் துண்டு குடல்தோலைத் தாண்டி அடியில் போய், அங்கே இருக்கும் ஒரு என்சைமிடம் மாட்டுகிறது. டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்று அதற்குப் பெயர், உங்கள் ரிப்போர்ட்டில் டிடிஜி என்று போட்டிருப்பது இதைத்தான். அந்த என்சைம் துண்டின் ரசாயனத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். டிக்யூ2, டிக்யூ8 என்று இரண்டு மரபணு வகை இருக்கிறது. அதில் ஒன்று உள்ளவர்களிடம் இந்த மாற்றிய துண்டு பூட்டில் சாவி போலப் பொருந்திக்கொள்ள, வெள்ளை அணுக்கள் எதிரி வந்துவிட்டான் என்று கிளம்பிவிடுகின்றன. கோதுமையோடு நிற்காமல் அந்த என்சைமுக்கே எதிர்ப்பொருள் உண்டாகிறது, ரத்தத்தில் அளந்தது அந்த எதிர்ப்பொருளை. கிளம்பிய அணுக்கள் விரல்களை மூடியிருக்கும் தோல் செல்களுக்குள் புகுந்து ஒவ்வொன்றாகக் கொல்ல ஆரம்பிக்கும்.

இதை ஸ்லைடில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. எண்டாஸ்கோப்பியில் எடுக்கிற துணுக்கு ஒரு கம்பு மணி அளவுதான் இருக்கும். அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாகச் சீவி, ஊதாவும் ரோஸும் சாயம் ஏற்றிப் பார்ப்போம். நல்ல குடலில் விரல்கள் நெட்டையாக, நிலத்தில் பயிர் நிற்பதுபோல வரிசையாக நிற்கும், அடியில் சின்னக் குழிகள் இருக்கும். விரல் மூன்று பங்கு உயரம் என்றால் குழி ஒரு பங்கு ஆழம், ஏறக்குறைய அந்தக் கணக்கு. அந்தக் குழிகள்தான் நாற்றங்கால். புதுச் செல் குழியின் அடியில் பிறந்து, மெல்ல ஏறி விரல் நுனிக்குப் போய் உதிரும். மொத்தப் பயணமும் மூன்றிலிருந்து ஐந்து நாள். சீலியாக்கில் முதலில் தெரிவது ஊதாப் புள்ளிகள். தோல் செல்களுக்கு நடுவில் வெள்ளை அணுக்கள் புகுந்திருக்கும், நூறு தோல் செல்லுக்கு இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். அடுத்து குழிகள் நீளும், மேலே செல்கள் வேகவேகமாகச் சாவதால் கீழே நாற்றங்கால் இரவு பகலாக உற்பத்தி செய்யும். அப்புறம்தான் விரல்கள் குறைய ஆரம்பிக்கும், பாதி, முக்கால், முழுசாகத் தட்டை. மார்ஷ் என்ற மருத்துவர் 1992-ல் வகுத்த படிநிலை இது, 1999-ல் மூன்றாம் படியை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். ரிப்போர்ட்டில் மார்ஷ் 3சி என்று வந்தால் விரல்களே இல்லை என்று அர்த்தம். அதைப் படித்துவிட்டு அழுத பெற்றோர் உண்டு. ஆனால் அதே ஸ்லைடில் கீழே பாருங்கள், குழிகள் உயிரோடு இருக்கும், சாதாரணக் குடலில் இருப்பதைவிடச் சுறுசுறுப்பாகவே இருக்கும். மேலே வெட்ட வெட்டக் கீழே முளைத்துக்கொண்டே இருக்கிறது. வெட்டுவதை நிறுத்தினால் போதும்.

எண்டாஸ்கோப்பி பற்றி ஒரு விஷயம், இது என் சொந்த வருத்தத்திலிருந்து சொல்வது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு குழந்தைக்கு இரண்டே துணுக்கு வந்தது. இரண்டிலும் விரல்கள் ஓரளவு நன்றாகவே இருந்தன, நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து அதே குழந்தையிடமிருந்து ஆறு துணுக்கு வந்தது, நாலில் குடல் தரைமட்டம். இந்த நோய் திட்டுத்திட்டாகத் தாக்கும் என்பது புத்தகத்தில் படித்ததுதான், அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த எட்டு மாதம் அந்தப் பிள்ளையின் வளர்ச்சியில் போய்விட்டது. அதனால், முன்சிறுகுடலின் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நாலு, அதற்கு முந்தைய மொட்டுப் பகுதியிலிருந்து ஒன்றோ இரண்டோ எடுப்பார்களா என்று நீங்களே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. டிடிஜியோடு ஐஜிஏ என்கிற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு ஐஜிஏ பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு டிடிஜி பொய்யாக நார்மல் காட்டும். உங்கள் குழந்தைக்கு டிடிஜி உயர்ந்துதான் இருக்கிறது, ஆனால் அவளுடைய தம்பிக்குப் பார்க்கும்போது இது முக்கியம், அதற்குப் பின்னால் வருகிறேன். டிடிஜி இயல்பு அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்து, இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏ என்கிற பரிசோதனையும் பாசிட்டிவாக இருந்தால் துணுக்கே எடுக்காமல் முடிவு செய்யலாம் என்று ஐரோப்பிய குழந்தைக் குடல் மருத்துவர்கள் 2020-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் நான் துணுக்கு பார்ப்பதையே விரும்புவேன், ஏனென்றால் விரல் குட்டையாவது சீலியாக்கில் மட்டும் நடப்பதில்லை. ஜியார்டியா கிருமி, பால் புரத ஒவ்வாமை, கடுமையான சத்துக்குறைவு, வெப்பமண்டல ஸ்ப்ரூ என்கிற குடல் நோய், எல்லாமே இதே மாதிரி வேஷம் போடும்.

விரல் போனால் எது எது நிற்கும் என்று தெரிந்தால், குழந்தையிடம் நீங்கள் பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும். வயிற்றிலிருந்து இறங்கும் சாப்பாட்டை முதலில் சந்திப்பது முன்சிறுகுடல், அதனால் அங்கேதான் அடி அதிகம். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான். டானிக் ஊற்றி ஊற்றிப் பல் கறுத்ததே தவிர ரத்தம் ஏறாததற்கு இதுதான் காரணம், வாங்கிக்கொள்ள வேண்டிய வாசலே அடைத்துக் கிடக்கிறது. ஃபோலிக் அமிலம், கால்சியம், கொழுப்பு, கொழுப்போடு சேர்ந்து வரும் வைட்டமின் டி எல்லாம் குறையும். கொழுப்பு சேராமல் வெளியே போனால் மலம் வெளிறி, நிறைய, நாற்றத்தோடு, தண்ணீரில் மிதக்கும். பி12 பெரும்பாலும் தப்பித்துவிடும், அது கடைசிப் பகுதியில் சேர்வது. பால் குடித்தால் பேதியாகிறது என்று எழுதியிருந்தீர்களே, பால் சர்க்கரையைச் செரிக்கிற லாக்டேஸ் என்சைம் விரல்களின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறது, நுனி போனால் அதுவும் போகும். குடல் ஆறினதும் திரும்பி வரும், பாலை நிரந்தரமாக நிறுத்த வேண்டியதில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பேதியே இருக்காது, சிலருக்கு மலச்சிக்கல்கூட இருக்கும், வகுப்பில் குள்ளமாக நிற்பதும் ஆறாத ரத்தச்சோகையும் மட்டுமே அடையாளமாக இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் வருடக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறார்கள்.

நம் வீட்டுக்கு எப்படி என்ற கேள்வி. அரிசி தின்கிறோம் என்று சொல்கிறோம், ஆனால் ஒரு நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளில் தின்பதை எழுதிப் பாருங்கள். காலையில் டீக்கு ரஸ்க், பத்து மணிக்கு பிஸ்கட், சாயங்காலம் பேக்கரி பன், ராத்திரி சப்பாத்தி இல்லையென்றால் ரவை உப்புமா. ரவையும் மைதாவும் சேமியாவும் கோதுமைதான் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது, ஏதோ தனித் தானியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளிலும் சேர்த்து 23,331 ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பரிசோதனை செய்தார்கள். நான் சொன்ன அந்த மரபணு மூன்று பகுதியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு இருந்தது. எதிர்ப்பொருள் மட்டும் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10. கோதுமை தின்கிற அளவு வடக்கில் ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். நம்மிடம் விதை இருக்கிறது, இதுவரை தண்ணீர் பாயவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். மரபணு இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை, சிலருக்குத்தான், அது ஏன் இந்தக் குழந்தைக்கு வந்தது என்று அக்கா தன்னை நொந்துகொள்ள ஒன்றுமே இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து குடியிருக்கும் பீகார், உத்தரப் பிரதேசக் குடும்பங்களின் பிள்ளைகள் ரொட்டி தின்று வளர்பவர்கள். வயிறு உப்பி, கால் மெலிந்து ஒரு பிள்ளை வந்தால் பூச்சி மருந்தோடு அனுப்பிவிடாமல் சீலியாக்கையும் நினைக்க வேண்டும், மொழி தெரியாத அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

திரும்ப வருமா என்றால், வரும். டச்சுக்காரர் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், கோதுமைதான் காரணமோ என்று 1930-களிலிருந்தே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர். 1944-45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தில் ரொட்டிப் பஞ்சம் வந்தது. ஊரே பட்டினி கிடந்த நேரத்தில் சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950-ல் அதை ஆய்வாகவே எழுதினார். அதற்கு முன் அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுக்கும் வைத்தியம் ஒன்று இருந்தது, பிழைத்தார்கள். பழத்தில் ஏதோ மருந்து இருப்பதாக நினைத்தார்கள், உண்மையில் ரொட்டியைத் தின்னாததுதான் மருந்து.

கோதுமையை நிறுத்திய இரண்டு மூன்று வாரத்தில் முதலில் மாறுவது குழந்தையின் முகம். சிணுங்கல் குறையும், தானாகப் பசி என்று கேட்கும். எடை ஏறுவது அதற்கடுத்து, உயரம் இன்னும் சில மாதம் கழித்து. டிடிஜி இறங்க ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம்வரை ஆகலாம், விரல்கள் முழுசாக எழும்புவதும் ஓரிரு வருடக் கணக்குத்தான். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் வேகமாகவும் முழுமையாகவும் ஆறுகிறது. நான் இரண்டாவது துணுக்கு பார்த்த பிள்ளைகளில், முதல் ஸ்லைடையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே குழந்தையின் குடல் என்று நம்ப முடியாத அளவுக்கு விரல்கள் நிமிர்ந்து நிற்கும். இருபது வருடத்துக்கு அப்புறமும் எனக்கு அது சந்தோஷம்தான்.

ஆனால் ‘கொஞ்சமாக’ என்பதற்கு இங்கே இடமில்லை. ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் போனாலே குடல்தோல் கெடுவதை ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அதனால் வீட்டில் நீங்கள் கண் வைக்க வேண்டியது சப்பாத்தியில் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். பெருங்காயத்தில்தான் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும், தினமும் ரசத்திலும் சாம்பாரிலும் போகிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள், அரிசி மாவு சேர்த்தது கிடைக்கிறது, இல்லையென்றால் பூண்டும் சீரகமும் போதும். ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. நீர்க்கடுப்புக்கு அமுச்சி வைத்துக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. அங்கன்வாடி சத்துமாவில் கோதுமை சேரும். அரசுப் பள்ளியில் சேர்த்தால் காலை உணவில் ரவை, சேமியா, கோதுமை ரவை வரும் நாட்கள் உண்டு, ஆசிரியரிடமும் சமைக்கிற அம்மாவிடமும் ஒரு மருத்துவர் கடிதத்தோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒப்பிட்டு மைதாவில்தான் செய்வது, ரோட்டோரக் காளானிலும் மாவு உண்டு, ஹோட்டல் தோசை மாவில் மைதா கலக்கிறார்களா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் மாவு மில். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ராகி நல்லது என்று அக்கா மூன்று கிலோ காயவைத்து மில்லுக்கு எடுத்துப் போவார், அவருக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். கல்லுக்கு நடுவில், புனலில், துணிக் குழாயில் அந்த மாவு ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் வருகிற மாவில் கலந்து அக்காவின் தூக்குவாளிக்குள் விழும். மில்லில் ராகி மாவு வாங்கித் தின்ற பிள்ளைக்கு டிடிஜி இறங்கவே இல்லை என்று வந்து, தோண்டித் துருவி விசாரித்தால் கடைசியில் இதுதான் காரணம் என்று தெரிந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம், முடிந்தால் சின்ன மாவரைக்கும் மெஷின் ஒன்று வாங்கி அதில் கோதுமையே போடாமல் வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்குகிற கம்பு, சோளம், தினையைக் கல் பொறுக்கும்போது கோதுமை மணி கலந்திருக்கிறதா என்றும் பார்த்துக் கழுவிக் காயவையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி போட்டால் உருட்டுகட்டை, தோசைக்கல், எண்ணெய் வேறாக இருக்கட்டும்.

மற்றபடி நம் ஊர்ச் சாப்பாட்டில் இந்தக் குழந்தைக்குக் குறையே இல்லை. அரிசிம்பருப்புச் சோறு, தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, ராகிக் களி, கம்மங்கூழ், கொள்ளு, நிலக்கடலை, முட்டை, கறி, பழம் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். பிறந்தநாள் கேக்குக்குப் பதிலாக அரிசி மாவுக் கச்சாயம் சுட்டுக் கொடுங்கள். குளூட்டன் இல்லை என்று விலை கூட்டி விற்கும் பாக்கெட்டுகள் இல்லாமலே வளர்த்துவிடலாம். வாங்கினால் அந்த எழுத்து அட்டையில் இருக்கிறதா பாருங்கள், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் அப்படிப் போட எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது.

கடைசியாகத் தம்பி. ஒன்றரை வயதுப் பையன் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். அவன் இப்போது கோதுமை தின்கிறான் என்றால் டிடிஜியும் மொத்த ஐஜிஏவும் பார்த்துவிடுங்கள், அக்காவுக்கும் மாமாவுக்கும் சேர்த்தே. நெகட்டிவ் வந்தாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும், பின்னாலும் வரலாம் என்பதால். டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லை என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தால் மட்டும் அவனை அநேகமாக விட்டுவிடலாம். எண்டாஸ்கோப்பி முடிந்து ரிப்போர்ட் வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கேயே சொல்லுங்கள், வரிக்கு வரி விளக்கிச் சொல்கிறேன்.